கரும்புப் பணம் கடல் கடக்கும்போது

கல்வராயன் மலை இறங்கிச் சமவெளியைத் தொடும் இடத்தில், கோமுகி அணையை ஒட்டி இருக்கிறது கச்சிராயபாளையம். கள்ளக்குறிச்சி இரண்டாம் எண் கூட்டுறவு சர்க்கரை ஆலை இங்கேதான் இருக்கிறது. சுற்றிலும் கரும்பு, நெல், மரவள்ளி. மேலே வெள்ளிமலைக்குப் போகும் சாலை. இப்படிப்பட்ட ஊர்களில் வெளிநாட்டுப் பணம் என்றால் நெடுங்காலம் ஒரே திசைதான். சிங்கப்பூரிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர் அனுப்புவார், வீட்டில் இருப்பவர்கள் வாங்குவார்கள். இப்போது பணம் எதிர்த்திசையிலும் போகிறது. பிள்ளை ஜார்ஜியாவிலோ பிலிப்பைன்ஸிலோ ரஷ்யாவிலோ மருத்துவம் படிக்கிறது, இல்லையென்றால் ஜெர்மனியில் மேல்படிப்பில் இருக்கிறது. கட்டணத்தை டாலராகவோ யூரோவாகவோ இங்கிருந்து அனுப்ப வேண்டிய நிலை விவசாயக் குடும்பங்களுக்கும் வந்துவிட்டது.

நாடு முழுவதற்குமான கணக்கை ரிசர்வ் வங்கி வெளியிடுகிறது. 2023–24 நிதியாண்டில் தனிநபர்கள் இந்தியாவிலிருந்து வெளியே அனுப்பியது சுமார் 3,170 கோடி டாலர். அதில் வெளிநாட்டுப் படிப்புக்கென்று போனது ஏறத்தாழ 348 கோடி. அடுத்த ஆண்டு படிப்புக்கான தொகை சுமார் 292 கோடியாகக் குறைந்தது. குறைந்தாலும் அது கொஞ்சநஞ்சப் பணமில்லை. மாநகரத்துக் குடும்பத்துக்கு ஆலோசனை சொல்ல ஆடிட்டர் இருப்பார், அந்நியச் செலாவணிப் பிரிவு உள்ள வங்கிக் கிளை பக்கத்திலேயே இருக்கும். ஆலையிலிருந்து வரும் கரும்புப் பணத்தையும் நகைக் கடனையும் சேர்த்துக் கட்டணம் கட்டும் குடும்பத்துக்கு அந்த வசதி இல்லை. முதலில் யாரைக் கேட்டார்களோ அவர் சொன்ன வழியிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

அவர்கள் முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கும். கணக்கு வைத்திருக்கும் வங்கி ஒன்று. கைபேசிச் செயலியாகவோ இணையதளமாகவோ இயங்கும் பணப் பரிமாற்ற நிறுவனம் இரண்டாவது. பிள்ளைக்கு இடம் வாங்கிக்கொடுத்த கன்சல்டன்சிக்காரர், "ரூபாயாக என்னிடம் கொடுங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்பது மூன்றாவது. வங்கிக்கு வெளியே ஆள் மூலம் பணம் மாற்றும் உண்டியல் நான்காவது. கடைசி இரண்டையும் தொடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணங்களைப் பிறகு சொல்கிறேன். முதல் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டால் போதும். அந்தக் கணக்கைத்தான் யாரும் போட்டுக் காட்டுவதில்லை.

சார்ஜ் எவ்வளவு என்று கேட்பதில் உள்ள கோளாறு

கவுன்டரில் நிற்பவர் முதலில் கேட்பது, "அனுப்ப எவ்வளவு சார்ஜ்?" பதிலாக ஐந்நூறு, ஆயிரம், சில இடங்களில் "சார்ஜே கிடையாது" என்று வரும். ஆனால் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்புவதில் உண்மையான செலவு அந்தத் தொகையில் இல்லை. டாலரை நமக்கு என்ன விலைக்கு விற்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

வங்கிகள் தங்களுக்குள் டாலரை வாங்கி விற்கும் சந்தை விலை ஒன்று உண்டு. அதை வைத்து ஒவ்வொரு வேலை நாளும் மதியம் எஃப்பிஐஎல் என்ற அமைப்பு ஒரு குறிப்பு விலையை வெளியிடுகிறது. முன்பு ரிசர்வ் வங்கியே செய்துவந்த வேலை இது. 2018 ஜூலையில் அந்த அமைப்பிடம் போனது. நமக்கு விற்கும்போது வங்கியும் நிறுவனமும் இந்தச் சந்தை விலைக்கு மேல் ஒரு தொகையைச் சேர்த்துக்கொள்கின்றன. அந்தக் கூடுதல் ரசீதில் தனி வரியாக அச்சாவதில்லை, "ரேட்" என்ற ஒற்றை எண்ணுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. வியாபாரம் செய்பவர் லாபம் வைப்பது நியாயம்தான். எவ்வளவு வைத்தார் என்று வாங்குபவருக்குத் தெரியாமல் போவதுதான் நியாயமில்லை.

எண்களோடு பார்த்தால் விளங்கும். ரூபாயின் மதிப்பு 2025 டிசம்பரில் டாலருக்கு 90ஐக் கடந்தது. அதனால் கணக்குக்காகச் சந்தை விலை சரியாக 90 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அனுப்ப வேண்டியது 4,000 டாலர். சந்தை விலையில் அது 3,60,000 ரூபாய்.

முதல் இடத்தில் சார்ஜ் 1,000 ரூபாய், டாலர் விலை 91.35. இரண்டாம் இடத்தில் சார்ஜ் இல்லை, டாலர் விலை 92.25. மூன்றாம் இடத்தில் சார்ஜ் 1,500, டாலர் விலை 90.54. இவற்றோடு ஜிஎஸ்டி சேரும். சேவைக் கட்டணத்துக்கு 18 சதவீதம். நாணய மாற்றத்துக்குத் தனி ஜிஎஸ்டி: மாற்றும் தொகை ஒரு லட்சம் வரை இருந்தால் அதில் 1 சதவீதத்தைச் சேவையின் மதிப்பாக வைத்து, அந்த மதிப்பின்மேல் 18 சதவீதம் வசூலிப்பார்கள். ஒரு லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரை, மதிப்பு ஆயிரம் ரூபாயும் மிச்சத் தொகையில் அரை சதவீதமும். எல்லாவற்றையும் கூட்டினால் முதல் இடத்தில் கணக்கிலிருந்து போவது சுமார் 3,66,999 ரூபாய். சார்ஜே இல்லாத இரண்டாம் இடத்தில் 3,69,422. அதிக சார்ஜ் வாங்கும் மூன்றாம் இடத்தில் 3,64,346.

சார்ஜ் இல்லாத இடம்தான் மூன்றிலும் விலை கூடியது. மூன்றாவதற்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் 5,076 ரூபாய். 2025–26 பருவத்துக்கு மத்திய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை, பிழிதிறன் 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளின் கரும்புக்கு, குவிண்டாலுக்கு 329 ரூபாய் சொச்சம். அந்தக் கணக்கில் 5,076 ரூபாய் என்பது ஒன்றரை டன் கரும்பின் விலை. ஒரே ஒரு தடவை அனுப்புவதில் இத்தனை போகிறது. ஆறு வருடப் படிப்பு, வருடத்துக்கு இரண்டு தவணை என்றால் எவ்வளவு என்பதை அவரவரே பெருக்கிக்கொள்ளலாம்.

ஆகவே கேட்க வேண்டிய கேள்வி இது: "அங்கே 4,000 டாலர் குறையாமல் சேர, என் கணக்கிலிருந்து எல்லாம் சேர்த்து எத்தனை ரூபாய் போகும்?" ஒரே நாளில், ஒரே மணி நேரத்துக்குள் இரண்டு மூன்று இடங்களில் கேட்க வேண்டும். காலையில் ஒன்று, மறுநாள் ஒன்று என்று கேட்டால் விலை நகர்ந்திருக்கும், ஒப்பிட முடியாது.

உலக வங்கி 2008 முதல் நாடுகளுக்கிடையே பணம் அனுப்பும் செலவைக் கண்காணித்து வருகிறது. அந்தக் கணக்கெடுப்பும் சார்ஜையும் விலை வித்தியாசத்தையும் சேர்த்துத்தான் செலவு என்கிறது. உலகச் சராசரி இன்னும் 6 சதவீதத்துக்கு மேல். ஐக்கிய நாடுகள் சபை 2030க்குள் அதை 3 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவர இலக்கு வைத்திருக்கிறது. லண்டனில் வேலை பார்த்த எஸ்டோனியர்கள் இருவர் 2011இல் தொடங்கிய டிரான்ஸ்ஃபர்வைஸ், இன்றைய வைஸ், உலகெங்கும் வளர்ந்ததற்குக் காரணமும் இதுதான். சந்தை விலையை அப்படியே காட்டி, தன் கூலியைத் தனியாகச் சொன்னது. வங்கிகள் மறைத்ததை அது வெளியே எடுத்து வைத்தது.

பேரம் பேசவும் இடமுண்டு. வங்கிகள் காலையில் வெளியிடும் "கார்டு ரேட்" சிறு தொகைகளுக்கானது. தொகை பெரிதாக இருந்தால் தலைமை அலுவலகத்தின் கருவூலப் பிரிவிடம் அந்த நேரத்து விலையைக் கேட்டுத் தரும்படி கிளை மேலாளரிடம் சொல்லலாம். கேட்காதவருக்குப் பெரும்பாலும் கார்டு ரேட்தான். சாதாரண வாடிக்கையாளரும் வங்கி மூலம் சந்தை விலையை ஒட்டி டாலர் வாங்கட்டும் என்று கிளியரிங் கார்ப்பரேஷன் நிறுவனம் 2019 ஆகஸ்டில் எஃப்எக்ஸ்-ரீடெயில் என்ற தளத்தைத் தொடங்கியது. நல்ல ஏற்பாடு. அது கிராமப்புறக் கிளைகளின் வாசல்வரை வந்து சேரவில்லை என்பது என் வருத்தம்.

வழியில் குறையும் டாலர்

வங்கி மூலம் போகும் பணம் ஸ்விஃப்ட் வலையமைப்பின் செய்தி வழியாகப் போகிறது. 1973இல் பெல்ஜியத்தில் தொடங்கப்பட்ட இந்த அமைப்பு பணத்தைத் தூக்கிச் செல்வதில்லை, வங்கிகளுக்கிடையே உத்தரவுகளைக் கொண்டுசெல்கிறது. நம் வங்கிக்கும் ஜார்ஜியாவின் வங்கிக்கும் நேரடிக் கணக்கு இல்லாவிட்டால் நடுவில் ஒன்றிரண்டு வங்கிகள் வரும். அவை தங்கள் கூலியைப் போகிற பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். இருபது டாலர் குறைந்து சேர்ந்தாலும் பல்கலைக்கழகம் "கட்டணம் முழுமையாக வரவில்லை" என்று பதிவை நிறுத்திவைக்கலாம். அந்த இருபது டாலரை அனுப்ப மறுபடி ஒரு முழு சார்ஜ்.

இதைத் தவிர்க்க விண்ணப்பத்திலேயே வழி இருக்கிறது. செலவு யாருடையது என்ற கட்டத்தில் "அவர்" (OUR) என்று குறித்தால் எல்லாக் கூலியும் அனுப்புபவருடையது, தொகை முழுதாகச் சேர வேண்டும். "ஷா" (SHA) என்றால் பங்கிட்டுக்கொள்வது, "பென்" (BEN) என்றால் பெறுபவர் தலையில். கல்விக் கட்டணத்துக்கு முதலாவதைத்தான் குறிக்க வேண்டும். நிரப்பித் தரும் ஊழியர் வழக்கமாக எதைக் குறிக்கிறாரோ அதில் கையெழுத்துப் போட்டுவிடக் கூடாது.

இன்னொரு கசிவு நாணயம் இரண்டு தடவை மாறுவதில். பிலிப்பைன்ஸுக்குப் போகும் ரூபாய் முதலில் டாலராகி, அங்கே பெசோவாகும். ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு வித்தியாசம் கழியும். கல்லூரி தரும் கட்டணச் சீட்டு எந்த நாணயத்தில் இருக்கிறது, அதே நாணயத்தில் அவர்களுக்குக் கணக்கு இருக்கிறதா என்று முன்பே கேட்டு எழுத்தில் வாங்கிவிட்டால் ஒரு மாற்றத்தை மிச்சப்படுத்தலாம். அமெரிக்க, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் பல, ஃப்ளைவயர், கன்வெரா போன்ற நிறுவனங்கள் மூலம் ரூபாய்க் கணக்கிலிருந்தே கட்டும் வழியைத் தருகின்றன. கட்டணம் குறையாமல் சேரும், மாணவர் பெயரோடு பொருந்தும் என்பது அதன் நன்மை. மலிவா என்பதை மேலே சொன்ன கேள்வியைக் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ரூபாய் விலை ஏறட்டும் என்று காத்திருப்பவர்களும் உண்டு. 2020இல் டாலர் 75 ரூபாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அந்த ஆண்டு சேர்ந்த மாணவரின் குடும்பத்துக்கு அதே 4,000 டாலர் கட்டணம் ஏறத்தாழ அறுபதாயிரம் ரூபாய் கூடிவிட்டது. நாளைய விலையை யாராலும் சொல்ல முடியாது. ஆனால் பல ஆண்டுப் போக்கு ரூபாய் இறங்குவதாகவே இருக்கும்போது, கெடு நாள் வரை காத்திருப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. கரும்புப் பணம் வந்ததும், கெடுவுக்கு நாள் இருக்கும்போதே ஒரு பகுதியை அனுப்பிவிடுவது நல்லது.

சட்டம் எங்கே நிற்கிறது

1973இன் ஃபெரா சட்டம் இருந்த காலத்தில் அந்நியச் செலாவணி மீறல் குற்றவியல் வழக்கு. அதற்குப் பதிலாக வந்த ஃபெமா 2000 ஜூன் முதல் நடப்பில் உள்ளது. 2004 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி எல்ஆர்எஸ் என்ற தாராளமயப் பணம் அனுப்பும் திட்டத்தைக் கொண்டுவந்தது. அப்போது ஒருவருக்கு உச்சவரம்பு 25,000 டாலர். பிறகு அது ஏறியது; 2013இல் ரூபாய் சரிந்தபோது 75,000ஆகக் குறைக்கப்பட்டது; 2015 முதல் நிதியாண்டுக்கு 2,50,000 டாலர். ஒரு குடும்பத்தில் தந்தைக்கும் தாய்க்கும் தனித்தனி வரம்பு. வரம்பு நம்மைப் போன்றவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. பிரச்சினை யார் மூலம் அனுப்பலாம் என்பதில்.

ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்றவர்கள்தான் அனுப்பலாம். வங்கிகள் முதல் வகை. இரண்டாம் வகை அனுமதி பெற்ற நிறுவனங்கள் கல்வி, மருத்துவம், பயணம் போன்ற குறிப்பிட்ட காரணங்களுக்கு அனுப்பலாம். நோட்டு மாற்றும் கடைகளின் அனுமதி வேறு, அவர்கள் கல்லூரிக்குக் கட்டணம் அனுப்ப முடியாது. வெஸ்டர்ன் யூனியன், மணிகிராம் பலகை தொங்கும் கடைக்குப் போய், "அங்கே அனுப்புங்கள்" என்று கேட்பதிலும் பயனில்லை. இந்தியாவில் அந்தச் சேவை நடப்பது எம்டிஎஸ்எஸ் என்ற திட்டத்தின் கீழ். அது வெளிநாட்டிலிருந்து வரும் பணத்தைப் பெறுவதற்கு மட்டும். செயலிகளிலும் அப்படித்தான். இந்தியாவுக்கு அனுப்பும் செயலிகள் ஏராளம். இங்கிருந்து வெளியே அனுப்புபவை குறைவு. அவற்றில் பலவும் ஏதோ ஒரு வங்கியோடு சேர்ந்தே இயங்குகின்றன. எந்த வங்கி என்று கேட்டால் அவர்கள் தயங்காமல் சொல்ல வேண்டும். தயங்கினால் அங்கே அனுப்ப வேண்டாம்.

சிறு ஊர்க் கிளையில் இன்னொரு தடை உண்டு. எல்லாக் கிளைக்கும் அந்நியச் செலாவணி அதிகாரம் கிடையாது. இங்கே தரும் காகிதம் மாவட்டத் தலைநகருக்கோ சென்னைக்கோ போய், அங்கே சரிபார்த்து, பிறகுதான் பணம் போகும். ஏதாவது ஒரு தாள் குறைந்தால் திரும்பி வரும். அதனால் முதல் தடவை அனுப்பும்போது இரண்டு வாரமாவது கையில் வைத்துக்கொண்டு தொடங்குவது நல்லது. ஏ2 படிவம், பான் அட்டை, மாணவரின் பாஸ்போர்ட், விசா, சேர்க்கைக் கடிதம், கட்டணச் சீட்டு, கல்லூரி வங்கியின் ஸ்விஃப்ட் குறியீடு, ஐரோப்பா என்றால் ஐபேன் எண் ஆகியவை கேட்கப்படும். பணம் எங்கிருந்து வந்தது என்றும் கேட்கலாம். ஆலை தந்த கரும்புப் பட்டுவாடாச் சீட்டு, நகைக் கடன் ரசீது, நிலம் விற்ற பத்திரம் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்திருப்பவருக்கு இந்தக் கேள்வி பயம் தராது. வங்கி பழகிவிட்டால் இரண்டாம் தவணையைப் பலரும் இணைய வங்கியிலேயே முடித்துவிடுகிறார்கள்.

திரும்ப வாங்காத வரி

நான் அதிகம் கவலைப்படும் இடம் டிசிஎஸ். பணம் அனுப்பும்போதே வங்கி பிடித்து அரசுக்குக் கட்டும் வரி இது. 2025–26 நிதியாண்டின் விதிப்படி, ஒருவர் ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பினால் ஒன்றும் பிடிக்க மாட்டார்கள். அதற்கு மேல், சொந்தப் பணத்தில் கல்விக்கும் மருத்துவத்துக்கும் என்றால் 5 சதவீதம், மற்ற பெரும்பாலான காரணங்களுக்கு 20 சதவீதம். அங்கீகரிக்கப்பட்ட நிதி நிறுவனத்தின் கல்விக் கடனிலிருந்து அனுப்பினால் 2025 ஏப்ரல் முதல் டிசிஎஸ் கிடையாது. அநேகமாக ஒவ்வொரு பட்ஜெட்டும் இந்த எண்களைத் தொடுகிறது, அதனால் அனுப்பும் ஆண்டின் விகிதத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரம்பு பான் எண்ணுக்குத்தான், வங்கிக்கு அல்ல. இரண்டு வங்கிகளில் பிரித்து அனுப்பினாலும் ஒன்றாகவே கூட்டுவார்கள்.

இங்கே காரணக் குறியீடு பெரிய விஷயம். கல்விக்கான குறியீடு எஸ்0305. கட்டணமும் விடுதிச் செலவும் அதில் அடங்கும். பிள்ளையின் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் அனுப்பும்போது "குடும்பப் பராமரிப்பு" என்று வேறு குறியீடு போட்டுவிட்டால், வரம்புக்கு மேல் போனது 20 சதவீதப் பட்டியலில் விழும்.

பிடித்த பணம் செலவல்ல, முன்பணம். வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்தால் வரியில் கழித்துக்கொள்ளலாம், வரியே இல்லையென்றால் முழுதாகத் திரும்ப வாங்கலாம். விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால் நம் ஊர்க் குடும்பங்கள் பல, வாழ்நாளில் ஒரு தடவைகூடக் கணக்கு தாக்கல் செய்ததில்லை. 2025–26 விகிதப்படி, ஒரு தந்தை கல்விக்கு ஆண்டில் 14 லட்சம் அனுப்பினால் 20,000 ரூபாய் பிடிபடும். அவருக்கு வரி கட்ட வேண்டிய வருமானம் இல்லை, அந்த இருபதாயிரமும் அவருடையதுதான். ஆனால் கெடுவுக்குள் தாக்கல் செய்து கேட்காவிட்டால் அது அரசிடமே கிடக்கும். "உங்கள் பான் எண்ணில் வரி பிடித்திருக்கிறோம், தாக்கல் செய்து திரும்ப வாங்குங்கள்" என்று கவுன்டரில் ஒரு வரி தமிழில் சொன்னால் போதும். தந்தையும் தாயும் அவரவர் கணக்கில் உள்ள அவரவர் பணத்தைத் தனித்தனியாக அனுப்பினால், பல குடும்பங்கள் வரம்பைத் தாண்டாமலே முடித்துவிடலாம்.

கன்சல்டன்சிக்காரரும் உண்டியலும்

கல்லூரியில் இடம் வாங்கிக்கொடுப்பது ஒரு தொழில். கட்டணத்தை வாங்கிக் கட்டுவது வேறு தொழில், அதற்கு அனுமதி வேண்டும். கன்சல்டன்சிக்கு ரூபாயாகக் கொடுத்த பெற்றோரின் கையில் இருப்பது அந்த அலுவலகத்தின் ரசீது. கல்லூரியின் கணக்கில் என்ன வந்தது, எந்த விலையில் மாறியது, எப்போது போனது என்று எதுவும் அவருக்குத் தெரியாது. தகராறு வந்தால் கல்லூரி "எங்களுக்கு வரவில்லை" என்று சொல்லும். பெற்றோரின் பெயரில், மாணவரின் பெயரும் பதிவு எண்ணும் குறித்து, கல்லூரியின் கணக்குக்கே நேராகப் போன பணத்துக்கு மட்டுமே சாட்சி இருக்கும். கன்சல்டன்சியின் கூலியை அவர்களிடம் தனியாகக் கொடுங்கள். கட்டணத்தை ஒருபோதும் கொடுக்காதீர்கள்.

உண்டியலுக்கு நம்மிடம் நீண்ட வரலாறு உண்டு. நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று லேவாதேவி செய்த காலத்தில், உண்டியல் ஒரு சீட்டை நம்பிப் பணம் கை மாறும் மதிப்புள்ள கருவி. இன்று அதே பெயரில் நடப்பது வேறு. இங்கே ஒருவரிடம் ரூபாய் கொடுத்தால் அங்கே அவருடைய ஆள் திர்ஹாமாகவோ ஜார்ஜிய நாணயமான லாரியாகவோ தருவார். விலை வங்கியைவிட நன்றாக இருக்கும், காகிதம் இல்லை, ஞாயிற்றுக்கிழமையும் நடக்கும். இதில் ஈர்ப்பு இருப்பதை மறுக்க முடியாது. தெரிந்த குடும்பங்களுக்குள்ளேயே, "உன் பையன் அங்கே என் பையனுக்குக் கொடுக்கட்டும், நான் இங்கே உனக்குக் கொடுக்கிறேன்" என்றும் நடக்கிறது. நட்பாகச் செய்தாலும் சட்டத்தின் பார்வையில் இதுவும் ஃபெமா மீறல்தான். தண்டம் தொகையைப் போல் மூன்று மடங்கு வரை போகலாம். எனக்குப் பெரிய பயம் மாணவர் பக்கத்தில். அவர் கணக்கில் வந்து விழும் பணம் யாருடைய மோசடிப் பணம் என்று அவருக்குத் தெரியாது. அந்த நாட்டுக் காவல்துறை கணக்கை முடக்கினால், மொழி தெரியாத ஊரில் இருபது வயதுப் பிள்ளை விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டும்.

வழி முழுவதும் சட்டப்படி இருந்தும் அடைபடும் காலங்கள் உண்டு. 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தபின், மார்ச்சில் விடிபி உட்பட ஏழு ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து நீக்கப்பட்டன. ஜூனில் பெரிய வங்கியான ஸ்பெர்பேங்கும் நீக்கப்பட்டது. ரஷ்யாவில் படிக்கும் பிள்ளைகளுக்கு அதுவரை பணம் போன பாதை அந்த வங்கிகளில் ஒரே நாளில் நின்றது. தடையில் அகப்படாத வங்கி ஒன்றில் கல்லூரிக்குக் கணக்கு இருக்கிறதா, ரூபிளில் பெற்றுக்கொள்வார்களா என்று ஒவ்வொரு தவணைக்கும் விசாரிக்க வேண்டியதாயிற்று. எந்த நாட்டுக் கல்லூரி என்று முடிவு செய்யும் நாளிலேயே, அந்த நாட்டுக்குப் பணம் போகும் வழி திறந்திருக்கிறதா என்பதையும் பெற்றோர் கேட்க வேண்டும். இடம் கிடைத்த பிறகு கேட்பது தாமதம்.

வரும் பணம்

வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வரும் பணத்தைப் பற்றிச் சுருக்கமாக. ரிசர்வ் வங்கியின் 2023–24 ஆய்வில், இந்தியாவுக்கு வரும் பணத்தில் மகாராஷ்டிரத்துக்கும் கேரளத்துக்கும் அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு, ஏறத்தாழ 10.4 சதவீதம். இங்கே தேர்வு அனுப்புபவரின் கையில். வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் போட்டி அதிகம் என்பதால் செலவு நம் பக்கத்தைவிடக் குறைவு. எம்டிஎஸ்எஸ் வழியில் ஒரு தடவைக்கு 2,500 டாலர் வரை, ஒரு ஆண்டில் ஒருவர் முப்பது தடவை வரை பெறலாம். ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான், மிச்சம் வங்கிக் கணக்குக்கு. நேராகக் கணக்குக்கே அனுப்பச் சொல்வது நல்லது.

2023 பிப்ரவரி 21 அன்று நம் யுபிஐயும் சிங்கப்பூரின் பேநவ்வும் இணைக்கப்பட்டன. கைபேசியிலேயே, நாளொன்றுக்கு 60,000 ரூபாய் வரை. இங்கிருந்து அங்கே அனுப்பும் வசதியைத் தொடக்கத்தில் தந்தவை ஸ்டேட் பேங்க், இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, ஐசிஐசிஐ. உறவினர் பராமரிப்புக்கும் அன்பளிப்புக்கும்தான் இது, கல்விக் கட்டணத்துக்கு அல்ல. தமிழர்கள் இத்தனை பேர் இருக்கும் நாட்டுக்கு இது உண்மையிலேயே பெரிய வசதி. மலேசியாவோடும் வளைகுடாவோடும் இதே இணைப்பு வந்தால் உண்டியலின் பாதி வேலை தானே போய்விடும்.

பெரிய பெயரே பாதுகாப்பு என்று நினைக்கவும் கூடாது. 1980இல் தொடங்கி வளைகுடாத் தொழிலாளர்களின் நம்பிக்கையைப் பெற்றிருந்த யுஏஇ எக்ஸ்சேஞ்ச் 2020 மார்ச்சில் புதிய பரிமாற்றங்களை நிறுத்தியது. அந்நாட்டு மத்திய வங்கி அதைத் தன் கண்காணிப்பில் எடுத்துக்கொண்டது. நிறுவனம் தடுமாறும்போது அந்நாட்டின் கட்டுப்பாட்டு அமைப்பு தலையிடுமா என்பதுதான் உண்மையான பாதுகாப்பு.

அனுப்பிய பிறகு

அமெரிக்காவில் 2013 முதல் ஒரு விதி உண்டு. வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் நிறுவனம், பணம் வாங்கும் முன்பே, எத்தனை சார்ஜ், என்ன விலை, பெறுபவர் கையில் எவ்வளவு சேரும் என்று எழுத்தில் தர வேண்டும். பணம் கட்டியபின் அரை மணி நேரத்துக்குள் ரத்து செய்யவும் வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. கள்ளக்குறிச்சியிலும் கச்சிராயபாளையத்திலும் உள்ள வங்கிக் கிளைகள் அதே ஒற்றைத் தாளைத் தமிழில் தர எந்தத் தொழில்நுட்பமும் தேவையில்லை. அன்றைய சந்தை விலை, நமக்கு விற்கும் விலை, கட்டணம், ஜிஎஸ்டி, டிசிஎஸ், சேரும் தொகை. ஆறு வரிகள். ரிசர்வ் வங்கி இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்கு இந்த மாவட்டத்துப் பெற்றோருக்கு எல்லா உரிமையும் உண்டு.

அதுவரை நம் பங்கை நாமே செய்துகொள்ள வேண்டியதுதான். பணம் போனதும் வங்கியிடம் ஸ்விஃப்ட் செய்தியின் நகலைக் கேட்டு வாங்க வேண்டும். அதில் யுஇடிஆர் என்ற 36 எழுத்து நீள அடையாளம் இருக்கும். பணம் எந்த வங்கியில் நிற்கிறது என்று தேட அதுதான் சாவி. நகலை அன்றே பிள்ளைக்கும், பிள்ளை மூலம் கல்லூரியின் கணக்குப் பிரிவுக்கும் அனுப்பிவிட வேண்டும். ஒரு வாரத்தில் சேராவிட்டால் வங்கியில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகை வாங்குங்கள். முப்பது நாளில் பதில் வராவிட்டாலோ பதில் சரியில்லை என்றாலோ, 2021 நவம்பரில் தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் திட்டத்தில் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் அழைத்தால் எப்படி முறையிடுவது என்று விளக்குவார்கள். அந்த முறையீட்டில் முதலில் கேட்கப்படுவது வங்கிக்குக் கொடுத்த புகாரின் ஒப்புகைதான்.